நாற்று நட்டுவிட்டுப் போன பிள்ளைகளை அறுப்புக்கும் அழைத்து வாருங்கள்

நீடாமங்கலம், மன்னார்குடி பக்கத்தில் தொடக்கப் பள்ளி நடத்துகிற தாளாளர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், முக்கியமாக மூன்றாம் வகுப்பு டீச்சர்களுக்கும் வணக்கம்.

நான் கோரையாற்றுப் பாசனத்தில் ஒன்பது மா நிலம் வைத்திருக்கிறேன். ஏக்கர் கணக்கில் மூன்று. என் வீட்டு உள்கூடத்து மூலையில் ஒரு சின்னச் சாக்கு நெல் கிடக்கிறது. அது என்னுடையது இல்லை, உங்களில் ஒரு பள்ளியைச் சேர்ந்தது. எந்தப் பள்ளி என்று எழுத மாட்டேன், அவர்களுக்குத் தெரியும். இதைப் பொதுவில் எழுதுவதற்குக் காரணம், இந்த வருஷமும் ஜூன் மாதம் வந்ததும் உங்களில் பலர் யாராவது ஒரு விவசாயிக்கு போன் போட்டு "பிள்ளைகளுக்கு ஒரு ஃபார்ம் விசிட், ஒரே ஒரு மணி நேரம் சார்" என்று கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அந்த "ஒரே ஒரு மணி நேரம்" என்பதில்தான் எனக்குத் தகராறு.

போன வருஷம், அதாவது 2025 குறுவைக்கு (ஜூனில் தொடங்குகிற குறுகிய நெல் போகம்), ஜூலை முதல் வாரத்தில் என் வயலில் நடவு. முதல் நாள் சாயங்காலம் போன் வந்தது. முப்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள் என்று சொன்னேன். மறுநாள் பத்தரை மணிக்கு இரண்டு பஸ்ஸில் 86 பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். எங்கள் கப்பி ரோட்டில் ஒரு பஸ் போனாலே எதிரே சைக்கிள் ஒதுங்க வேண்டும். இரண்டும் அங்கேயே நின்றுவிட, பின்னால் நாற்றுமுடி (நாற்றுக் கட்டு) ஏற்றி வந்த டிராக்டர் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றது. பறித்த நாற்று வெயிலில் காய்ந்தால் என்ன ஆகும் என்று டிரைவர் சத்தம் போட்ட வார்த்தைகளைப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டார்கள். அன்றைக்கு அவர்கள் கற்றுக்கொண்ட முதல் விவசாயப் பாடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு வெள்ளை யூனிஃபார்ம் நாள் போல. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலுறை, வெள்ளை கேன்வாஸ். வரப்பில் வரிசையாக நிற்க வைத்து, "யாரும் சேற்றில் கால் வைக்கக் கூடாது" என்று ஒரு மைக்கில் (ஆமாம், மைக் கொண்டு வந்திருந்தார்கள்) சொன்னார்கள். அப்புறம் நடவுப் பெண்களை நிமிரச் சொல்லி, கையில் ஒரு நாற்றுமுடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்லி, பின்னால் அவர்கள், முன்னால் பிள்ளைகள் என்று போட்டோ. ஒரு வகுப்புக்கு ஒரு போட்டோ, அப்புறம் டீச்சர்கள் மட்டும் ஒன்று, அப்புறம் பேனரோடு ஒன்று. என் வயலுக்கு வரும் பெண்கள் மாவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு நடுகிறவர்கள். காலை ஏழு மணிக்கு இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துக் கரையேறப் பார்ப்பார்கள். அந்த அரை மணி நேரம் அவர்களுடைய நேரம். அதற்கு யாரும் ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை, காசு இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நடவு ஆட்களில் ஒரு அம்மாவின் பேரன் அந்த வரிசையில் நின்றான். மகன் வயிற்றுப் பேரன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான், அந்த அம்மாவும் கூப்பிடவில்லை. போட்டோ முடிந்து மறுபடி குனிந்து நட ஆரம்பித்தவுடன் பக்கத்தில் நின்ற என்னிடம், "எம் பேரந்தாய்யா, மூணாவது கண்ணாடி போட்ட புள்ள" என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பையன் கட்டுகிற ஃபீஸில் இந்த நடவுக் கூலியும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மைக் வைத்திருந்தவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. "இங்கே யாருடைய அப்பாயி, அம்மாச்சி வயல் வேலை செய்கிறார்கள், கை தூக்குங்கள்" என்று முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அன்றைக்கு முழு வகுப்புக்கும் அந்த அம்மாதான் டீச்சர். நாற்பது வருஷமாக நடுகிறவர்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். வரப்பில் நின்ற ஒரு பெண் பிள்ளைக்கு ஷூ வழுக்கி ஒரு கால் முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லாரும் அப்படியே நின்றார்கள். அந்தப் பிள்ளை அழப் போகிறது என்று நானும் ஓடினேன். அது காலை உள்ளேயே ஆட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், உள்ள ஜில்லுனு இருக்கு" என்றது. அவ்வளவுதான். அடுத்த இரண்டு நிமிடத்தில் இருபது பிள்ளைகள் உள்ளே. மைக் கத்திக்கொண்டே இருந்தது. அவர்களில் வயதில் சின்னவரான ஒரு டீச்சர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் இறங்கினார். அவருக்கு என் வணக்கம். அவர் இறங்கியிருக்காவிட்டால் இந்த மடலே இல்லை, நான் அடுத்த போனுக்கு "முடியாது" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

ஓரமாக மூன்று குழி இடத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தேன். ஏறக்குறைய ஒரு சென்ட். பிள்ளைகள் எப்படி நட்டார்கள் என்கிறீர்கள்? ஒரு குத்துக்கு இரண்டு மூன்று நாற்று வைக்க வேண்டிய இடத்தில் முடியைப் பிரிக்காமலே ஒன்று, பக்கத்தில் ஒற்றை நாற்று, நடுவில் ஒரு முழம் காலி. ஒரு பையன் வேரை மேலே வைத்து நட்டிருந்தான். அந்த அப்பாயிதான் சேற்றில் நடந்து வந்து ஒவ்வொரு கையாகப் பிடித்துக் காட்டினார். "அமுக்காதடா, ஆழமா வெச்சா தூர் கட்டாது, மேலாக்க வெச்சுட்டு வெரல எடுத்துரு." ஆழமாக நட்டால் பக்கத் தண்டு வெடிக்காது என்கிறார். வேளாண்மைக் கல்லூரியில் சொல்வதும் இதைத்தான், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும் என்று. பேரன் கடைசியாக இறங்கினான். அவனுக்கு மட்டும் அவர் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் நட்டது மட்டும் வரிசையாக இருந்தது.

கிளம்பும்போது ஒரு பிள்ளை கேட்டது, "அங்கிள், இதுல அரிசி எங்க இருக்கு?" இப்போது இல்லை, மூன்று மாதம் கழித்து வா காட்டுகிறேன் என்றேன். கண்டிப்பாக வருகிறோம் சார் என்று பள்ளிக்காரர்களும் சொன்னார்கள். வரவில்லை.

எனக்குக் கோபம் இங்கேதான். நாற்று நடுகிறது ஒரு நாள் வேலை. அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும், பச்சையும் தண்ணீருமாக. ஆனால் பயிர் என்பது அதற்கு அப்புறம்தானே? பாதியில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போன கூத்து மாதிரி, பிள்ளைகள் தலையில் "விவசாயம் என்றால் சேற்றில் புல் மாதிரி ஏதோ செருகுவது" என்று நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் போய்ச் சேரவில்லை.

நீங்கள் சிலபஸ், நேரம், அனுமதி என்று சொல்வீர்கள். குறுவையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், பள்ளிக்கூடத்துக்கென்றே வெட்டித் தைத்த மாதிரி இருக்கும். பள்ளி திறப்பது ஜூனில். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆடுதுறை 43, ஆடுதுறை 45 மாதிரி ரகங்கள் ஏறக்குறைய 110 நாள் வயசு. ஜூன் இரண்டாம் வாரம் விதை விட்டால் ஜூலை தொடக்கத்தில் நடவு, ஆகஸ்ட் கடைசியில் பூ, செப்டம்பர் கடைசியில் அறுப்பு. முதல் பருவத்துக்குள் ஒரு விதை நெல்லாகித் திரும்பி வந்துவிடுகிறது. சம்பா அப்படி இல்லை, அது ஐப்பசி கார்த்திகை மழையில் மாட்டும், உங்களுக்கும் மழை லீவு, எனக்கும் வயலில் நிற்கும் தண்ணீரை வடிக்கவே நேரம் போதாது. அந்தச் சமயத்தில் தயவுசெய்து யாரும் வராதீர்கள்.

காலண்டரை மட்டும் நம்பியும் வராதீர்கள். 2022-ல் மே 24-ந் தேதியே அணையைத் திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரைக்கும் திறக்கவில்லை, பம்புசெட் இருந்தவர் மட்டும்தான் குறுவை போட்டார். அதனால் மே மாதமே ஒரு விவசாயியைப் பிடித்து நம்பர் வாங்கி வைத்துக்கொண்டு, "இந்த வருஷம் உங்கள் வயலில் எப்போது என்ன" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். ஏன் இந்த வருஷம் தாமதம் என்று பிள்ளைகளிடம் சொன்னாலே ஒரு பாடம் ஆயிற்று. வருகிற வழியில் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் ஐந்து நிமிடம் நிறுத்தி, ஒரே வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிவதைக் காட்டுங்கள். ஆள் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு காட்டுங்கள், தண்ணீர் வேகம். உள்ளூர்ப் பெரியவர்களிலேயே எத்தனை பேர் அதை நின்று பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

முதல் வேலையை வகுப்பிலேயே செய்யலாம். ஒரு கைப்பிடி விதைநெல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து, வடித்து, ஈரச் சாக்குத் துணியில் கட்டி இருட்டில் வையுங்கள். மறுநாளைக்கு மறுநாள் அவிழ்த்தால் வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். மூட்டைக்குள் கை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும். அந்தச் சூட்டைப் பிள்ளைகள் கையால் தொட வேண்டும்.

அப்புறம் பூ. நெல்லுக்குப் பூ உண்டு என்று உங்கள் டீச்சர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. காலை ஒன்பது பத்து மணிக்கு உமி வாய் திறக்கும், தூசி மாதிரி வெள்ளையாக வெளியே தொங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். அந்த நேரத்துக்கு வந்து வரப்பில் நின்று பார்த்தால் போதும், உள்ளே இறங்கக் கூடாது, தொடக் கூடாது. அதிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் மணியை நசுக்கினால் பால் வரும். பால் பிடித்திருக்கிறது என்று நாங்கள் சொல்வது பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே விரலில் பால். "அரிசி எங்க இருக்கு" என்று கேட்ட பிள்ளைக்கு நான் காட்ட வைத்திருந்தது இதைத்தான்.

அறுப்புக்கு மெஷின்தான் இப்போது. ஆனாலும் மெஷின்காரரிடம் சொல்லி அந்த மூன்று குழியை மட்டும் விடச் சொன்னேன். இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை காலாண்டுத் தேர்வு என்றார்கள். இரண்டாவது முறை லீவு என்றார்கள். குறுவையில் ஒரே இடைஞ்சல் இதுதான், அறுப்பும் தேர்வும் ஒரே வாரத்தில் வந்து இடித்துக்கொள்ளும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு நாள் தேர்வு தள்ளி எழுதினால் குடி முழுகிப் போகாது என்பது என் கட்சி, உங்கள் கட்சி வேறாக இருக்கலாம். மேற்கே மின்னல் வெட்ட ஆரம்பித்தது, முற்றிய கதிர் காத்திருக்காது, உதிரும். நானும் அந்த அப்பாயியும் இன்னும் ஒருவருமாக அரிவாளால் அறுத்து, அடித்து, தூற்றிப் பதர் நீக்கி, காய வைத்து நிறுத்தோம். காய்ந்ததா என்று பார்க்க நாங்கள் மீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை, ஒரு மணியை எடுத்துக் கடிப்போம், கடக்கென்று உடைந்தால் சரி. கொள்முதல் நிலையத்தில்தான் கருவி, 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் பேச்சு வளரும், அது தனிக் கதை.

16 கிலோ. ஒழுங்காக நட்டிருந்தால் இருபதைத் தாண்டியிருக்கும்.

இப்போது இந்த 16 கிலோவை வைத்து உங்கள் கணக்குப் பாடத்தை நடத்துங்கள். மூன்று குழிக்குப் போன விதை நானூறு கிராம் கூட இருக்காது. மில்லில் கொடுத்தால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட அரிசி, பத்து கிலோவுக்குக் குறையாது. சத்துணவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி. அப்படியானால் 86 பிள்ளைகள் கோணல்மாணலாக நட்டது, அந்த 86 பேருக்கும் ஒரு வேளைச் சோறு, டீச்சர்களுக்கும் டிரைவர்களுக்கும் சேர்த்து. ஒரு பிள்ளையின் மதியச் சோற்றுக்கு எத்தனை குத்து என்று நான் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கதிருக்கு நூறு மணி, குத்துக்குப் பத்துக் கதிர் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது பத்துக் குத்து வருகிறது. இதைப் பிள்ளைகளே எண்ண வேண்டும். நான் எண்ணி என்ன புண்ணியம்?

வருவதானால் சில விஷயம். முப்பதுக்கு மேல் வேண்டாம், பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். இரண்டாவது, யாரும் கேட்காத விஷயம், கக்கூஸ். வயலில் கிடையாது. போன வருஷம் பெண் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு நின்றதை என் வீட்டுக்காரம்மாதான் கண்டுபிடித்து ஐந்து ஐந்து பேராக வீட்டுக்குக் கூட்டிப் போனார், அதுவும் அரை கிலோமீட்டர் நடை. பழைய சட்டை, மாற்றுத் துணி, ஒரு துண்டு. ஷூ வேண்டாம். ஆனால் வெறுங்காலில் இறக்குவதற்கு முன்னால் அந்த இடத்தை நான் காலால் துழாவிப் பார்த்துவிடுவேன், ராத்திரியில் வரப்பில் குடிப்பவர்கள் பாட்டிலை எங்கே உடைக்கிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும். காலில் புண் இருக்கிற பிள்ளை இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் தண்ணீர் வழியாகப் புண்ணில் ஏறும். வைக்கோல் போர் பக்கம் விடாதீர்கள், விரியன் பாம்பு இருக்கும். மோட்டார் கொட்டகையைப் பூட்டிவிடுவேன். மருந்து அடித்திருந்தால் வராதீர்கள் என்று நானே சொல்வேன், நீங்களும் கேளுங்கள்.

ஆமாம், மருந்து அடிக்கிறேன். யூரியாவும் போடுகிறேன். போன வருஷம் என்னை "இயற்கை விவசாயி" என்று மைக்கில் அறிமுகப்படுத்தினார்கள், நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு ஓரத்தில் வீட்டுக்கு என்று பாரம்பரிய நெல்லான மாப்பிள்ளைச் சம்பா கொஞ்சம் போடுவேன், அதை வைத்து நான் இயற்கை விவசாயத்துக்குப் பேர் போன நம்மாழ்வார் ஆகிவிட முடியாது. பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லலாம், அவர்களுக்குப் புரியும். அதே மாதிரி "விவசாயி கடவுள்" என்று கோஷம் போட வைக்காதீர்கள். கூச்சமாக இருக்கிறது. என் பேரில் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் இருக்கிறது, கடவுளுக்கு அதெல்லாம் இருக்காது.

காசு எனக்கு வேண்டாம். நடவுப் பெண்களின் நேரத்துக்குக் கொடுங்கள், அவர்களிடமே கொடுங்கள். தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் போட்டு, அலங்கார மாட்டு வண்டியும் மண் பானைச் சாப்பாடும் வைத்திருக்கிற இடங்களுக்கும் நீங்கள் போகிறீர்கள், போங்கள், பிள்ளைகளுக்கு ஜாலியாக இருக்கும். அதற்கு ஃபார்ம் விசிட் என்று பேர் வைக்காமல் பிக்னிக் என்று வைத்தால் எனக்கு வழக்கே இல்லை.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி டீச்சர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்குப் பஸ்ஸே வேண்டாம், உங்கள் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் வயல்தான். பிள்ளைகள் தினமும் வரப்பு வழியாகத்தான் வருகிறார்கள். ஆனாலும் நீங்கள் கூட்டிக்கொண்டு இறங்குவதில்லை. ஒருவருக்கு இரண்டு மூன்று வகுப்பு, எமிஸில் (பள்ளிக்கல்வித் துறையின் இணையதளம்) விவரம் ஏற்றுகிற வேலை வேறு, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்கிற பயம், இதெல்லாம் எனக்குத் தெரியும். தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம், இரண்டு தாய்மார்களைத் துணைக்கு, காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை. நடந்து வந்து நடந்து போய்விடலாம். நண்டு வளையில் எது புதிசு எது பழசு என்று உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் பாதி நேரம் நீங்கள் சும்மா நின்று கேட்டால் போதும்.

அந்தப் பள்ளிக்கு: உங்கள் நெல் அக்டோபரிலிருந்து இங்கேயே கிடக்கிறது. அந்துப் பூச்சி விழக் கூடாது என்று வேப்பிலையும் நொச்சியும் போட்டு, மாதம் ஒரு முறை வெயிலில் காட்டி எடுத்து வைக்கிறேன். அரிசியாக்க மனசு வரவில்லை. இப்போது நான்காம் வகுப்புக்குப் போகும் அந்தப் பிள்ளைகள் வந்து, தாங்கள் நட்டதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, புதிதாக மூன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். மூன்று குழி அதே இடத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அந்த அப்பாயியிடமும் சொல்லிவிட்டேன், "அவங்க வருவாங்களாய்யா" என்று கேட்டார்.

விதைக்குத் தேறுமா என்று ஒரு சந்தேகம் இருந்தது. போன வாரம் நூறு மணியை எண்ணி எடுத்து ஈரத்துணியில் கட்டி வைத்தேன். நேற்று அவிழ்த்து எண்ணினேன், 91 முளைத்திருக்கிறது.